பங்குக் கிணற்றில் மிதந்த எண்ணெய்

கிணற்றை எட்டிப் பார்க்கச் சொல்லி ஒருவரைக் கூப்பிட்டால், உள்ளே ஏதோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆடு, நாய், வாளி, சில சமயம் மனுஷர். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், அன்று காலையில் வந்து கூப்பிட்டபோது இந்த வரிசையை மனசுக்குள் ஓட்டிக்கொண்டேதான் அவர் பின்னால் போனேன். பயம் வந்தால் எனக்குக் கால் நின்றுவிடும், வாய் மட்டும் நடக்கும்.

"என்ன மச்சான், வாளியா, ஆளா?"

"ஒண்ணும் விழுகல மாப்ள. தண்ணிதான் ஒரு மாதிரியா இருக்கு. நீங்க எண்ணெய்க் கெணத்துல வேலை பாத்தவுகல்ல, செத்த வந்து பாருங்க."

நான் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தது உண்மைதான். காவிரி டெல்டாவில், வயல்களுக்கு நடுவே துளை போடுகிற ரிக்குகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டினேன். பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டியும் பூமிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் திண்டுக்கல்லுக்குத் திரும்பி, மச்சானின் மல்லிகைக் காட்டை ஒட்டி வீடு கட்டி, ஒரு மினி வேன் வாங்கி, விடியக்காலையில் ஊர்ப் பூவை டவுன் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற தொழிலில் உட்கார்ந்த பிறகு, டீக்கடையில் சொல்ல எனக்கு வேறு கதை இல்லை. சொல்லிச் சொல்லியே ஊரில் நான் எண்ணெய்க்காரன் ஆகிவிட்டேன்.

எட்டிப் பார்த்தேன். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்திருந்ததால் தண்ணீர் பாதிக் கிணற்றுக்கு நின்றது. வெயில் பட்ட இடத்தில் பச்சையும் ஊதாவும் செம்பட்டையுமாக ஒரு படலம். மச்சான் மோட்டாரைப் போட்டதும் அது மெல்லச் சுழன்று கல்கட்டு ஓரமாக ஒதுங்கி, மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் இரண்டடி பின்னால் வந்தேன்.

மச்சான் ஒரு வாளி மொண்டு மூக்குக்கு நேராக நீட்டினார். மோந்தேன். ஒன்றும் இல்லை. கொரோனா வந்து போனதிலிருந்து மூக்கு என்பது எனக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்ள ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான்.

பின்னாலேயே வந்திருந்த என் மனைவி சொன்னாள்: "இவருகிட்டப் போயி மோந்து பாக்கச் சொல்றியேண்ணே. சாம்பாரு அடிப்பிடிச்சு வீடே புகைஞ்சாலும், இன்னும் தாளிக்கலையான்னு கேக்குற ஆளு." பிறகு அவளே வாளிக்குக் குனிந்தாள். "இவரு வேனுக்குப் பின்னால நின்னா வரும்ல, அந்த வாடைதான்."

அதை யாரும் காதில் வாங்கவில்லை. வேனைப் பற்றி எது சொன்னாலும் அது என்னைக் குத்துவதற்கென்று எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

"பூமிக்குள்ள இருந்து வருதா மாப்ள?" என்றார் மச்சான்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் வரவில்லை. வந்தது வேறு.

"மச்சான், மொதல்ல பீடியக் கீழ போடுங்க."

அவர் உடனே போட்டார். போட்டு, செருப்பால் நசுக்கி, அதன் மேல் மண்ணையும் தள்ளினார். மறு வரப்பில் வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஊருக்குப் போன செய்தி அந்த ஒரு பீடிதான்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு டெல்டாவுக்குப் போகவேண்டும்.

ஒரு ஊருக்குள் ரிக் வருகிறது என்றால் முதலில் வருவது ரிக் இல்லை, டீக்கடை. அடுத்து வீட்டு வாடகை ஏறும். கறிக்கடையில் காலை எட்டு மணிக்குமேல் எலும்புதான் மிஞ்சும். ஊர்ப் பையன்களுக்கு இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் கல்யாண வீட்டுக்கெல்லாம் டக் டக்கென்று வருவார்கள். வயலைக் குத்தகைக்கு விட்டவருக்கு அந்த வயலிலேயே வாச்மேன் வேலை கிடைக்கும். செம்மண்ணும் ஜல்லியும் கொட்டி மேடாக்கிய இடத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு நாற்காலி, ஒரு விசில். சில மாதம் இரவும் பகலும் வெளிச்சம். பிறகு ஒரு நாள் ரிக்கைக் கழற்றி லாரிகளில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். டீக்கடையும் அதன் பின்னாலேயே போகும். மிஞ்சுவது வேலிக்குள் ஒரு ஆள் உயரக் குழாய், நாற்று வேர் பிடிக்காத ஜல்லி மேடு, வயலுக்கு அடியில் எங்கே போகிறது என்று தெரியாத பைப். நல்ல காசு புழங்கிய ஊர் என்று சொல்வார்கள். யாரிடம் புழங்கியது என்று கேட்டால் எல்லாரும் பக்கத்து வீட்டைக் காட்டுவார்கள்.

அப்படி ஒரு வாச்மேன் எனக்குப் பழக்கம். என் லாரி தண்ணீர் இறக்கும்வரை அவரோடு உட்கார்ந்திருப்பேன். "நீ வண்டிய நிறுத்தியிருக்கிற எடத்துலதான் தம்பி எங்க வாய்க்கா போச்சு" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். நானும் ஒவ்வொரு தடவையும் டயரைத் தூக்கிப் பார்ப்பதுபோல் குனிவேன், அவர் சிரிப்பார். ஒரு சாயங்காலம் குழாய் மூட்டில் வாயு கசிந்திருக்கிறது. அவர் பீடி பற்றவைத்தார். பெரிய வெடி எல்லாம் இல்லை. ஒரு பெட்ஷீட்டை உதறினால் என்ன சத்தமோ அவ்வளவுதான் கேட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது இரண்டு கைகளையும் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிட்டன என்று நர்ஸ் சொன்னார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எடத்துல வேற ஆளப் போட்டுட்டாங்களா தம்பி?"

அந்த வாரமே கணக்கு முடித்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினேன். வீரன் என்று யாராவது என்னைச் சொன்னால் அந்த பஸ் டிக்கெட்டைக் காட்டலாம், இருந்திருந்தால்.

ஆகவே, கிணற்றில் அந்தப் படலத்தைப் பார்த்ததும் எனக்குள் ரிக் வந்து இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேஸ் சிலிண்டரைக் கழற்றி வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன். கொசுவர்த்திச் சுருள், தீப்பெட்டி, சாமி படத்துக்கு முன்னால் இருந்த சூடம் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கூரையில் செருகினேன். கிணற்றுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மல்லிகைத் தோட்டமே இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. காலையில் பழைய சோறு, மத்தியானம் அவல், ராத்திரி வாழைப்பழம். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்று கேட்டால் மனைவி வெங்காயத்தை நறுக்கி வைப்பாள்.

"சாமியவே இருட்டுல ஒக்கார வச்சுட்டீங்க. இப்படியே எத்தன நாளைக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"ஆபத்து போற வரைக்கும்."

"ஆபத்து வீட்டுக்குள்ள அவல் தின்னுக்கிட்டு ஒக்காந்திருக்கு." மூன்றாம் நாள் சிலிண்டரை அவளே உருட்டிக்கொண்டு வந்து மாட்டினாள். நான் தெருமுனையில் போய் நின்றுகொண்டேன். ரசம் கொதித்து இறக்கிய பிறகு மகள் வந்து, வீடு இன்னும் இருக்கிறது, வரலாம் என்று கூப்பிட்டாள்.

இதற்குள் பங்காளிகள் வந்துவிட்டார்கள்.

மச்சானின் கிணறு பங்குக் கிணறு. அவருடைய தாத்தா காலத்தில் வெட்டியது. இப்போது மூன்று பங்கு. எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். ஒரே கிணறு, ஆளுக்கொரு மோட்டார், முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வார்கள். மச்சானுக்குப் பெரியப்பா மகன் ஒருத்தர், டவுனில் மில் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சித்தப்பா மகன் ஒருத்தன், திருப்பூரில் பனியன் தைக்கிற இடத்தில் சூப்பர்வைசர். இரண்டு பேரும் விவசாயத்தை விட்டு வெகுகாலம். அவர்கள் பங்கு நிலத்தில் சீமைக்கருவேல் ஆள் உயரத்துக்கு நின்றது. "நீயே பாத்துக்கப்பா" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனவர்கள். கோடைக்குக் கோடை தூர் வாரியதும், சரிந்த கல்கட்டைத் திருப்பிக் கட்டியதும் மச்சான் ஒருத்தர்தான். பட்டாவில் மட்டும் மூன்று பேர்.

டவுன்காரர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றினார். படியில் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"ஏலே தம்பி, இதுல எனக்கும் ஒரு பங்கு இருக்குல்ல?"

"இருக்குண்ணே. தூர் வாருனப்பவும் இருந்துச்சு" என்றார் மச்சான்.

டவுன்காரர் அதைக் கேட்காததுபோல் மலையைப் பார்த்தார். எங்கள் காட்டிலிருந்து தெற்கே பார்த்தால் சிறுமலைதான். பதில் இல்லாதவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புவது வழக்கம்.

திருப்பூர்க்காரன் மறுநாள் ஜேசிபியோடு வந்தான். கருவேலைப் பிடுங்கித் தன் எல்லைக்குக் கல் நட்டான். அப்புறம் என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டான்: "ஏன் மாமா, டெல்டாப் பக்கமெல்லாம் குத்தகைக்கு எடுப்பாங்களா, மொத்தமா வாங்கிருவாங்களா?"

"மொதல்ல தூக்கத்த வாங்குவாங்க மாப்ள. மிச்சத்த அப்பறம் பேசுவாங்க."

சிரித்தான். அவனைச் சிரிக்கச் சொல்லவில்லை. என் தொந்தரவே இதுதான். நான் பயந்து சொல்வது ஊருக்கு ஜோக்காகப் போய்ச் சேரும். ஜோக்காகச் சொல்வது செய்தியாகப் போய்ச் சேரும்.

அந்த வார முடிவில், மச்சான் காட்டுக்குத் திரும்புகிற பாதையில் ஒரு தள்ளுவண்டி நின்றது. டீ, வடை. முதலில் வருவது டீக்கடை என்று நான்தானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய், "ஏம்ப்பா, அடுப்பு பத்தவைக்காத" என்றேன். அவன் வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தி, "இங்க ஓகேவாண்ணே?" என்று எண்ணெய்ச் சட்டியை ஏற்றினான். பக்கத்து ஊர்களிலிருந்து பைக்கில் வந்தார்கள். கிணற்று ஓரம் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். பாட்டிலில் மொண்டுகொண்டு போனார்கள். ஒருத்தன் மேலே மிதந்ததைத் திரியில் நனைத்துப் பற்றவைத்துக் காட்டினான். அது நன்றாகவே எரிந்தது. கூட்டம் கைதட்டியது. நான் வேனுக்கு அடியில் இருந்தேன்.

எனக்கு மரியாதையும் கூடிவிட்டது. டீக்குக் காசு வாங்க மறுத்தார்கள். ஒருத்தர் தன் மகனைக் கூட்டிவந்து நிறுத்தினார். "பன்னெண்டாவது பெயிலு. கம்பெனி வந்தா வாச்மேனாவாச்சும் சொல்லிவிடணும்ணே." அந்தப் பையன் என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. வெள்ளைக் கார் ஒன்று வந்து, டவுன்காரரையும் திருப்பூர்க்காரனையும் ஏற்றிக்கொண்டு நிலத்தின் நாலு மூலைக்கும் போய் நின்று நின்று வந்தது. மனை போட்டு விற்கிறவர்கள். எண்ணெய் வருதோ இல்லையோ, எண்ணெய் வருகிற ஊர் என்ற பேர் அவர்களுக்குப் போதும்.

இந்தத் திருவிழாவுக்கு நடுவில் மச்சான் முறை தவறாமல் மோட்டாரைப் போட்டு மல்லிகைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தினேன்.

"மச்சான், அந்தத் தண்ணியப் பாய்ச்சாதீங்க."

"செடி தண்ணி கேக்குது மாப்ள. அதுகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

நானும் சிறுமலையைப் பார்த்தேன்.

பூவை விடியுமுன் பறிப்பார்கள். மொட்டு வாடாமல் இருக்கச் சாக்கை நனைத்து, பூவின் மேலும் ஒரு கை தண்ணீர் தெளித்துக் கட்டுவது வழக்கம். அந்தந்தத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர்தான். அப்படிக் கட்டிய மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போனேன். கமிஷன் கடைக்காரர் எனக்குப் பல வருஷப் பழக்கம். மச்சான் மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி முகத்துக்குக் கொண்டுபோனவர், தும்முகிறவர்போல் பின்னால் போனார்.

"யோவ், ஒன் வண்டில டேங்கு ஒழுகுதா?"

"ஒழுகினாலும் எனக்கெங்கண்ணே தெரியும். வண்டிக்கு மூக்கிருந்தா அது சொல்லும்."

அவர் சிரிக்கவில்லை. அதே வண்டியில் வந்த மற்றவர்கள் மூட்டைகளையும் பிரித்து மோந்தார். மறுபடி மச்சான் மூட்டைக்கு வந்தார். "மத்தவுக பூவு பூவா இருக்கு. ஒங்க மச்சான் பூவு பெட்ரோல் பங்க்ல பூத்த மாதிரி இருக்குய்யா. பச்ச டீசலு."

டீசல். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கம்தான், ஆனால் அதுதான் வந்தது. பூமிக்கு அடியிலிருந்து எதுவும் வரவில்லை. ரிக் வராது. குழாய் வராது. மார்க்கெட் வாசலில் போய் ஒரு டீ வாங்கி, சர்க்கரை தூக்கலாகப் போடச் சொல்லி, ஒரு வாய் குடித்தேன். எங்கள் காட்டுக்கு மேல் மேட்டில், நாலு வழிச் சாலை ஓரத்தில், இரண்டு வருஷத்துக்கு முன் பாறையை உடைத்துப் பள்ளம் எடுத்துத் தொட்டி புதைத்துத் திறந்த பங்க் ஒன்று இருக்கிறது. என் வேனுக்கு அங்கேதான் டீசல் போடுகிறேன். எங்கள் ஊர்ப் பூமி முழுக்கப் பாறை. மேட்டில் கசிவது பாறை வெடிப்பு வழியாகப் பள்ளத்துக் கிணற்றுக்கு வர அதிக நாள் வேண்டாம். என் மனைவி முதல் நாளே சொன்னாள், வேன் வாடை என்று.

இரண்டாவது வாய் உள்ளே இறங்கவில்லை. கடைக்காரர் மச்சானின் மூட்டைகளைத் தெருவுக்கு இழுத்துக் குப்பையோடு கொட்டச் சொல்லியிருந்தார். ஒரு மாடு வந்து முகர்ந்துவிட்டு நகர்ந்தது.

மச்சானும் நானும் பங்க்குக்குப் போனோம். மேனேஜர் மரியாதையான ஆள். உட்காரச் சொன்னார், குளிராக ஏதோ குடிக்கக் கொடுத்தார்.

"எங்க தொட்டி சொட்டுக்கூட ஒழுகாதுங்க. செக் பண்ணியாச்சு. ஒங்க கெணத்துல எண்ணெய் ஊத்து வந்திருக்குன்னு ஊரே சொல்லுதே. டெல்டாவுல வேலை பாத்த ஒருத்தரு வந்து பாத்து உறுதியாச் சொன்னாராமே." என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கதான அது?"

நான் உறுதியாகச் சொன்னது பீடியைக் கீழே போடுங்கள் என்பதை மட்டும்தான். அதை அவருக்கு விளக்க ஆரம்பித்தால் நான் இன்னும் பெரிய கோமாளி ஆவேன். ஆயுசில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து டவுனில் ஓர் ஆபீஸ். அங்கே இருந்தவர் நல்ல மாதிரியாகவே பேசினார். தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம், பங்க் தொட்டியையும் தோண்டிப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் கிணறு கூட்டுப் பட்டா, பங்குக்காரர்கள் மூன்று பேரும் சேர்ந்து மனு கொடுக்கவேண்டும் என்றார். மச்சான் தலையாட்டினார். அண்ணன் தம்பி கையெழுத்துத்தானே என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கிணற்றடிக்கு இரண்டு பேரையும் வரச் சொன்னார். வந்தார்கள். டீ வண்டி போய்விட்டிருந்தது. வடைச் சட்டி வைத்த இடத்தில் கரி வட்டம் மட்டும் இருந்தது. செய்தி டீசல் என்று மாறியதும் பைக்குகளும் நின்றுவிட்டன.

"ஒரு கையெழுத்துதாண்ணே. தண்ணி கெட்டுப்போச்சுன்னு உள்ளதத்தான் எழுதக் கேக்குறேன்" என்றார் மச்சான்.

டவுன்காரர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "உள்ளத எழுதிக் குடுத்தா நெலத்த வாங்க வர்றவன் திரும்பிப் போயிருவான்ப்பு. அட்வான்ஸ் பேசி முடிச்சாச்சு."

"ஒங்க பங்குல நான் குறுக்க வரலண்ணே. செடி பூராம் போயிட்டிருக்கு. இந்தப் பங்குத் தண்ணியத்தான நம்பி இருக்கேன்."

"அண்ணே, நீங்களும் வித்துட்டு வந்துருங்க" என்றான் திருப்பூர்க்காரன். "எம்புட்டு நாளைக்குத்தான் இந்தப் பூவ நம்பிக்கிட்டு. அங்க வந்தா மடிக்கிற வேலையாச்சும் வாங்கித் தாரேன்."

நான் நடுவில் புகுந்தேன். "ஏன் மாப்ள, எண்ணெய்னா மூணு பங்கு, டீசல்னா ஒரு பங்கா?"

"மாமா, நீங்க சும்மா இருங்க. இம்புட்டுக்கும் ஆரம்பிச்சு வச்சதே நீங்கதான்" என்றான். தப்பில்லை. ஊரைக் கூட்டியது என் பயம். மனைக்காரர்களைக் கூட்டியது அந்தக் கூட்டம்.

டவுன்காரர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "கெணத்த மூடித்தான் மனை போடப் போறாங்க. மூடப்போற கெணத்துக்கு எதுக்கு மனு?" அவர் கெட்டவர் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. ஆட்டோ வரும்வரை மச்சான் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

அதன்பின் சில வாரம் நான் மறுபடி தண்ணீர் வண்டி ஓட்டினேன். தெரிந்தவரிடம் டிராக்டரும் டேங்கரும் இரவல் வாங்கி, மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு போர்வெல்லில் பிடித்து, மச்சான் தோட்டத்தில் ஊற்றுவேன். டெல்டாவில் எண்ணெய்க் கிணற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோனவன், ஊரில் தண்ணீர்க் கிணற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். இதை ஜோக்காகச் சொன்னேன். மச்சான் பேருக்குச் சிரித்தார். அந்தத் தோட்டத்துக்கு டேங்கர் தண்ணீர் உதட்டை நனைக்கிற அளவுதான். இலை நுனி முதலில் பழுப்பாகி, பிறகு மஞ்சள் உள்ளே இறங்கியது. கடைசியில் மொட்டு வைத்த கிளைகளும் கையில் பிடித்தால் முறிந்தன. ஒரு செடியைப் பிடுங்கி வேரை என்னிடம் நீட்டினார் மச்சான். மோந்து பார்க்க நீட்டியிருக்கிறார், என் மூக்கு நினைவுக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். மாடுகளுக்கு ஊர்க் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் சுமந்து பார்த்தார்கள். பிறகு மாடுகளும் இல்லை.

ஒரு சாயங்காலம் கிணற்றுப் படியில் உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். கீழே அந்தப் படலம் அப்போதும் இருந்தது.

"பங்க்ல இருந்து ஆள் வந்துச்சு மாப்ள. அந்த மேனேஜருதான் விட்டிருக்காரு. வேலைக்கு ஒரு ஆளு வேணுமாம். வந்தா வரட்டுமாம்."

"எதுக்காம்?"

"எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க. ஆபீஸ் பக்கம் போகாம இருக்கத்தான்." அவர் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டார். படலம் விலகிச் சேர்ந்தது. "நீங்க ஒரு வாச்மேன் கதை சொல்வீங்கள்ல. கை வெந்தவரு."

"ஆமா."

"ஆஸ்பத்திரில கேட்டாருன்னு சொன்னீங்க. எடத்துல வேற ஆள் போட்டுட்டாங்களான்னு. போட்டாங்களா?"

அந்தக் கதையை ஊரில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் அந்த இடத்துக்கு மேல் கேட்டதில்லை. வெடித்ததோடு அவர்களுக்குக் கதை முடிந்துவிடும்.

"போட்டாங்க மச்சான். அவரு மகனப் போட்டாங்க."

மச்சான் இன்னொரு கல்லைக் கையில் எடுத்தார். "பரவால்லயே. வீட்டுக்குள்ளயே இருந்துச்சுல்ல, வேலை" என்றார்.

இப்போது கிணறு இல்லை. ஜல்லியும் செம்மண்ணும் கொட்டி மேவிவிட்டார்கள், மூடுவதற்கு மட்டும் மூன்று கையெழுத்து தேவைப்படவில்லை. டவுன்காரர், திருப்பூர்க்காரன் பங்குகளில் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கற்கள் நிற்கின்றன. நடுவில் மச்சான் பங்கு மட்டும் விற்காமல் கிடக்கிறது, காய்ந்த செடிகளோடு. தண்ணீர் இல்லாத நிலத்தை அவர்களும் பிறகு கேட்கவில்லை.

விடியக்காலையில் மற்றவர்களுடைய பூவை ஏற்றிக்கொண்டு போகிற வழியில் பங்க்கில் நிறுத்துகிறேன். வேறு பங்க்குக்குப் போகலாம், எட்டு கிலோமீட்டர் சுற்று. இரண்டு மாதம் சுற்றிப் பார்த்தேன். "எங்க அண்ணன் மொகத்தப் பாக்க ஒங்களுக்கு அம்புட்டுப் பயமா?" என்று மனைவி கேட்ட பிறகு விட்டுவிட்டேன்.

பங்க் பேர் பொறித்த சட்டை மச்சானுக்குத் தோளில் பெரிதாக இருக்கிறது. பீடியை விட்டுவிட்டார், பங்க்கில் விடத்தானே வேண்டும். வேனைப் பார்த்ததும் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார். முதுகுப் பக்கம் பள்ளத்தில் அவருடைய காடு தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று நான் பார்த்ததில்லை.

நேற்றும் போனேன். கதவைத் திறந்து இறங்கினேன். வழக்கமாக அங்கே ஏதாவது ஒன்றைச் சொல்லி வைப்பேன், சட்டையைப் பற்றியோ, தொப்பியைப் பற்றியோ. ஒன்றும் வரவில்லை. அவர் குழாயை டேங்கில் செருகிவிட்டு, எல்லா வண்டிக்காரர்களுக்கும் சொல்கிற அதே குரலில் மீட்டரைக் கைகாட்டினார்.

"ஜீரோ பாத்துக்கங்க மாப்ள."

பார்த்துக்கொண்டேன்.